இன்னொரு கை

விடியவில்லை. செம்பனை வரிசைகளுக்குள் இருட்டு அப்படியே நிற்கிறது.

செவலை எழுந்து வரவில்லை. வாலை மட்டும் சிமெண்டுத் தரையில் ஒருமுறை தட்டுகிறாள்.

போதும் என்று இருக்கிறது.

போதாது என்றும் இருக்கிறது.

*

மேலுதட்டை விரலால் தூக்குகிறேன். தடுக்கவில்லை.

ஈறு வெளிறியிருக்கிறது. அழுத்தி எடுத்த இடம் வெள்ளையாகிறது. பிறகு நிறம் வருகிறது. நலமான நாய்க்கு 2 வினாடிக்குள் வந்துவிடும்.

எண்ணத் தொடங்குகிறேன். எண்ணும்போது என் மூச்சு நின்றுவிடுகிறது.

*

மூக்கில் ஒரு சொட்டு இரத்தம்.

நக்கிக்கொள்கிறாள். தலையைப் பாதத்தின்மேல் வைக்கிறாள்.

தரையில் ஒன்றும் இல்லை.

*

மேசைமேல் தாள்.

இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 24 விழுக்காடு. 37-க்குக் குறையக் கூடாது. பிளேட்லெட் 48,000. 2 லட்சமாவது வேண்டும்.

பிளேட்லெட் என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டிங்கி எட்டிப் பார்க்காத வீடு குறைவு. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, காலையும் மாலையும் அந்த எண்ணைக் கேட்டுப் பழகியவர்கள்.

நாயின் தாளிலும் அதே எண். அதே பயம், அதே இடத்தில்.

*

ஸ்கேனில் மண்ணீரல் பெரிதாக இருக்கிறது. அதற்குள் ஒரு கருத்த இடம்.

டாக்டர் நிதானமானவர். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் வயிற்றைத் தொடுகிறார். தொடும்போது கண்ணை மூடிக்கொள்கிறார்.

கட்டியாக இருக்கும் என்கிறார். கெட்ட கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அறுத்து எடுக்கலாம். இந்தப் பிளேட்லெட்டோடு கத்தி வைத்தால் இரத்தம் நிற்குமா என்பது கேள்வி. அறுக்காமலும் வைத்துக்கொள்ளலாம், சாப்பிடும்வரை, வலி தெரியாமல்.

வயதையும் சொல்கிறார். பத்தைத் தாண்டிவிட்டது.

சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறார். அடுத்த நாயைக் கூப்பிடவில்லை.

அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதனால்தான் கடினமாக இருக்கிறது.

*

இடப்பக்கம், கடைசி விலாவுக்குக் கீழே. அங்கேதான் மண்ணீரல்.

நானும் கையை வைத்துப் பார்க்கிறேன். ரோமம். சூடு. கொஞ்சம் இறுக்கம். உள்ளே என்ன இருக்கிறது என்று என் கைக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் தடவிய கை.

அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். அவளுக்கு இது தடவல்தான்.

*

பாடப் புத்தகங்களில் ஒரு பழைய கணக்கு உண்டு. மண்ணீரலில் கட்டியோடு வரும் நாய்களில் மூன்றில் இரண்டு பங்கிற்குப் புற்று. மீதி ஒரு பங்கிற்கு இரத்தக்கட்டு, அல்லது ஆபத்தில்லாத முடிச்சு. ஸ்கேனில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியலாம். வெளியே எடுத்து, மெல்லிய சீவலாக்கி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதி.

தெரிந்துகொள்வதற்கே முதலில் அறுக்க வேண்டும்.

இரத்தநாளப் புற்றாக இருந்தால் அறுத்த பிறகும் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம். மருந்து ஏற்றினால் இன்னும் சில மாதம்.

மூன்று மாதம்.

ஒரு நாய்க்கு அது எவ்வளவு காலம்.

*

தூங்கும்போது மூச்சை எண்ணலாம். நிமிடத்திற்கு 30-க்குள் இருந்தால் நல்லது.

விலா ஏறுகிறது. இறங்குகிறது.

எண்ணிக்கை தவறுகிறது. தவறட்டும்.

*

உண்ணி.

காதுமடலின் உட்பக்கம், விரலிடுக்கு, வாலடி. சிறு வயதிலேயே விரல்கள் பழகிய வேலை. பிடுங்கி மண்ணெண்ணெய்ச் சிரட்டையில் போடுவது.

பழுப்பு நாய் உண்ணிக்குக் காடு வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே வாழ்ந்துவிடும். நாயின் இரத்தத்தைக் குடித்து, இறங்கி, சுவர் வெடிப்பில் ஒதுங்கி, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பழைய லயத்துப் பலகைச் சுவர்களில் வெடிப்புக்குப் பஞ்சமில்லை.

அதன் எச்சிலோடு ஒரு கிருமி வருகிறது. ஏர்லிக்கியா. வெள்ளணுவுக்குள் குடியேறுகிறது. காய்ச்சல், வெளிறிய ஈறு, குறைந்த பிளேட்லெட், பெருத்த மண்ணீரல், மூக்கில் இரத்தம்.

தாளில் இருப்பதெல்லாம் இந்த நோயிலும் இருக்கிறது. கருத்த இடம் ஒன்றைத் தவிர.

*

சோதனை செய்தாயிற்று. சிறு பெட்டி, சில சொட்டு இரத்தம், சில நிமிடம். புள்ளி விழவில்லை. நோய் இல்லை என்று பொருள்.

ஆனால் பெட்டி தேடுவது கிருமியை அல்ல. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. கடிபட்ட முதல் சில வாரங்களில் அது இன்னும் சுரந்திருக்காது. உண்ணி கொண்டுவரும் இன்னொரு நோய் பபேசியா, சிவப்பணுவுக்குள் புகுந்து உடைப்பது. இந்த வகைப் பெட்டி அதைத் தேடுவதே இல்லை. கண்ணாடிச் சில்லில் இரத்தம் தேய்த்துப் பார்க்க வேண்டும். அல்லது பிசிஆர்.

இரவில் இதையெல்லாம் படிக்கிறேன். படிக்கப் படிக்க நம்பிக்கை வருகிறது.

அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கிறேன். நம்பிக்கைதானா. முதலில் கேட்டதைக் கேட்காததாக்கிவிடும் ஆசையா.

இரண்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன.

*

தொலைவில் சூராவிலிருந்து பாங்கு. அதற்குப் பின் ஒரு சேவல். அதற்குப் பின் ஒன்றும் இல்லை.

*

1935, அல்ஜீரியா. டொனாசியென், லெஸ்டோகார் என்ற இருவர் இந்தக் கிருமியை ஒரு நாயின் இரத்தத்தில் முதன்முதலில் காண்கிறார்கள்.

1963, சிங்கப்பூர். பிரிட்டிஷ் படையின் நாய்கள் மூக்கில் இரத்தம் ஒழுகிச் சாகின்றன. பார்த்தவர்களுக்கு அது புது நோய்.

அதே பத்தாண்டின் கடைசி, வியட்நாம். அமெரிக்கப் படையின் நாய்கள். இருநூறு போல மடிகின்றன.

முப்பது ஆண்டுக்கு முன்பே கண்ட கிருமிதான் என்று தெளிய இத்தனை நாய்கள்.

நாய்களோடு நடந்த சிப்பாய்களை நினைக்கிறேன். கையில் கயிறு. மறுமுனையில் வெளிறிய ஈறு. கேட்பதற்கு முகாமில் ஒரே ஒரு டாக்டர்.

*

அம்மா வாசலில் கீரை ஆய்கிறாள்.

"இன்னொரு டாக்டர்கிட்ட போறதுன்னா போ. வேணாம்னா வேணாம். நடுவுல நிக்காத."

நடுவில்தான் நிற்கிறேன். நடுவில் காற்று இல்லை.

*

அம்மா பிறந்தது ஒரு தோட்டத்து லயத்தில். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஒரு டிரசர். டவுன் டாக்டர் எப்போதாவது காரில் வந்து போவார்.

டிரசர் நாக்கை நீட்டச் சொல்வார். கண்ணிமையை இழுத்துப் பார்ப்பார். வேலைக்குப் போகலாமா கூடாதா என்று எழுதுவார். அவர் எழுதியது எழுதியதுதான். பெரட்டுக் களத்தில் அந்தச் சீட்டுதான் பேசும்.

தாத்தாவுக்கு வயிற்றுவலி. ஒரு போத்தலில் தண்ணி மருந்து. அடுத்த வாரமும் அதே போத்தல். அதற்கடுத்த வாரம் தாத்தா ரப்பர் பால் வெட்டப் போகிறார், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

வேறு யாரிடம் கேட்பது. டவுனுக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். பஸ் காசு வேண்டும். வலியைத் தமிழில் கேட்டு வேறு மொழியில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். பாட்டி முனியாண்டி கோயிலுக்குப் போகிறாள். பூசாரி கண்ணை மூடி, திருநீறு எடுத்து, காகிதத்தில் மடித்துத் தருகிறார்.

அதுதான் இரண்டாவது இடம். மூன்றாவது கிடையாது.

இதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் மாறவில்லை. கீரை ஆயும் கை நிற்கவில்லை.

*

தாத்தாவுக்குக் கிடைக்காத இன்னொரு கை. நாய்க்குத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மார்புக்கு நடுவில் ஒரு கனம். அதற்குப் பெயர் வைக்கலாம். வைக்கவில்லை.

அன்றைக்கு யாராவது கேட்டிருக்க வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. இன்றைக்குக் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை.

*

லேடாங் மலை மேகத்துக்குள் இருக்கிறது. 1,276 மீட்டர். ஒரு மீட்டர்கூடக் கண்ணில் படவில்லை.

*

ரப்பர் நடுங்கள் என்று ரிட்லி சொல்லிக்கொண்டே இருக்கிறார். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு இயக்குநராக வந்தவர். சட்டைப்பையில் ரப்பர் விதைகள். துரைமார் காப்பியை நம்புகிறார்கள். இவரைப் பைத்தியம் என்கிறார்கள்.

மலாக்காவில் மரவள்ளி போட்டுக்கொண்டிருந்த டான் சாய் யான் காது கொடுக்கிறார். 1896, புக்கிட் லிந்தாங், ஏறத்தாழ 40 ஏக்கர். அடுத்தது புக்கிட் அசகான். அது பெரிய தோட்டம்.

எல்லாரும் சொல்வதை விட்டு ஒருவர் இன்னொருவரைக் கேட்கிறார். அதன் பின்னால் கப்பல்கள். கங்காணிகள். நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள். லயங்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாத்தா.

அது நல்ல யோசனையா கெட்ட யோசனையா. கேட்கலாம் என்றால் அந்த மரங்கள் இப்போது இல்லை. செம்பனை நிற்கிறது.

*

சோற்றில் நெத்திலியைப் பிசைந்து வைக்கிறேன்.

முகர்கிறாள். இரண்டு வாய். நிமிர்ந்து பார்க்கிறாள். இன்னொரு வாய்.

தட்டைச் சுற்றி எறும்புகள் வருகின்றன. வரட்டும்.

*

பின்கம்பத்து மாக் சிக் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். நாயைத் தொடமாட்டார். பக்கத்தில் வரமாட்டார். ஆனாலும் தினமும் கேட்கிறார், சாப்பிட்டதா என்று.

இன்று கேட்டுவிட்டுப் போகவில்லை. செவலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "கெசியான்," என்கிறார், பாவம் என்பதுபோல, மிகவும் மெதுவாக.

செவலை காதைத் திருப்புகிறாள். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும்.

*

முன்பெல்லாம் தோட்டத்து நாய்களுக்கு டாக்டர் கிடையாது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் அடுப்புச் சாம்பலும். மூன்று நாள் சாப்பிடாவிட்டால் அது எங்காவது போய்ப் படுத்துக்கொள்ளும். தேட மாட்டார்கள். தேடக் கூடாது என்பார்கள்.

அதில் ஒரு மரியாதை இருந்தது. ஒரு கைவிடலும் இருந்தது.

எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

*

செர்டாங்.

புத்ரா பல்கலைக்கழகத்து விலங்கு மருத்துவமனை. கால்நடை மருத்துவப் படிப்பு அங்கே தொடங்கியது 1972-இல். நாட்டின் பல பக்கங்களில் இன்று ஊசி போடும் கைகள் அங்கே பழகிய கைகள். மற்ற கிளினிக்குகள் கடிதம் கொடுத்து அனுப்பும் நாய்களையும் பூனைகளையும் அங்கே பார்க்கிறார்கள்.

ஜாசின் டோல். ஆயர் குரோ. சிம்பாங் அம்பாட். சிரம்பான். நீலாய். பாங்கி.

ஊர்ப் பெயர்களை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு ஊரிலும் அவள் பின்சீட்டில் மூச்சு வாங்குகிறாள். கார் என்றாலே நடுங்குவாள். எச்சில் ஒழுகும். ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்து, அங்கேயே வைத்திருப்பாள்.

இரண்டாவது அபிப்பிராயம் எனக்குத்தான். அவளுக்கு அது இன்னொரு மேசை. வழுக்கும் எஃகு. தெரியாத நாய்களின் வாடை. இன்னொரு ஊசி. இன்னொரு கை.

அந்தக் கை சூடாக இருக்குமா.

*

அங்கேயும் அதையே சொன்னால்.

அப்போது பாதை ஒன்றுதான். அதில் ஒரு ஓய்வு இருக்கும் என்று தோன்றுகிறது.

வேறொன்றைச் சொன்னால் இரண்டு தாள்கள். இரண்டும் படித்தவர்கள் எழுதியவை. தேர்ந்தெடுப்பவருக்கு மண்ணீரலைத் தொட்டு அறியத் தெரியாது.

*

போகாமலே ஒரு வழி இருக்கிறது. அதே டாக்டரிடம் இன்னொரு கேள்வி.

உண்ணிக் காய்ச்சலுக்கான மாத்திரையை முதலில் கொடுத்துப் பார்க்கலாமா. டாக்சிசைக்கிளின், நான்கு வாரம். புதிதாகத் தொற்றியதாக இருந்தால் இரண்டு மூன்று நாளிலேயே மாற்றம் தெரியும். தலை தூக்கும். தட்டை நக்கும்.

தெரியாவிட்டால் அந்த நாட்கள் போய்விட்டிருக்கும்.

கருத்த இடம் காத்திருக்குமா. மண்ணீரல் கட்டி எந்த நேரமும் வெடிக்கலாம். வயிற்றுக்குள் இரத்தம் இறங்கும். நின்றுகொண்டிருந்த நாய் சாய்ந்துவிடும். அப்போது மணி இரவு இரண்டாக இருக்கலாம்.

சும்மா இருப்பதும் ஒரு முடிவுதான். அதற்கு யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை.

*

மழை. தகரக் கூரையில் ஒரே சத்தம்.

யோசனை அதற்கு மேலே போக முடியாமல் நிற்கிறது.

நல்லது.

*

பணம்.

அறுவை, படுக்கை, இரத்தம் ஏற்றுவது. சில ஆயிரம் வெள்ளி ஆகலாம். அரிசியும் அம்மாவின் பிரஷர் மாத்திரையும் அதே பையிலிருந்துதான்.

பணத்தை எண்ணினால் பாசம் குறைவு என்று ஒரு குரல் உள்ளே. அதை ஏற்கவில்லை. எண்ணாமல் இருக்க முடிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

2015-ஆம் ஆண்டு விலங்கு நல்வாழ்வுச் சட்டம், வளர்ப்பவர் தன் விலங்கை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது. சரி. எத்தனை கதவைத் தட்டுவது என்பது சட்டத்துக்கு வெளியே கிடக்கிறது.

*

எடுத்தனூர், திருவண்ணாமலைப் பக்கம். மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. 7-ஆம் நூற்றாண்டு. ஒரு நடுகல்.

எருமைகளைக் காக்கப் போய் விழுந்த வீரன், கருந்தேவகத்தி. அவன் பக்கத்தில் ஒரு நாய். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல் சொல்கிறது. நாயின் பெயரையும் சொல்கிறது. கோவிவன்.

ஆயிரத்து நானூறு ஆண்டு.

பெயரையும் வெட்டு என்று உளிக்காரனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆள் யார் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வீரனைவிட, நாயைவிட, அந்த ஆளை.

செவலை எதையும் காத்ததில்லை. கோழியைக்கூட விரட்டியதில்லை. வாசலில் படுத்திருப்பாள். யார் வந்தாலும் முதலில் தூக்கும் தலை அவளுடையது. அவ்வளவுதான்.

*

கேட்கத் தயக்கம்.

சின்ன ஊர். பசார் மாலாமில் எதிரே வருவார் டாக்டர். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு. அவர் முகத்தில் எப்படி விழிப்பது.

போனை எடுக்கிறேன். வைக்கிறேன். எடுக்கிறேன்.

"தாராளமா கொண்டு போங்க. நானே லெட்டர் எழுதித் தர்றேன்," என்கிறார். ஸ்கேன் படம், இரத்தத் தாள், கொடுத்த மருந்து எல்லாம் சேர்த்து. கொஞ்சம் நிறுத்தி, "அவங்க என்ன சொல்றாங்கன்னு எனக்கும் சொல்லுங்க."

போன் ஓய்ந்த பிறகும் அந்தக் கடைசி வரி இருக்கிறது.

அவருக்கும் தெரிய வேண்டியிருக்கிறது. தெரியாததை வைத்துக்கொண்டு அவ்வளவு அமைதியாக அன்று எதிரே உட்கார்ந்திருந்தார்.

தயக்கம் எங்கே போனது என்று பார்க்கிறேன். இல்லை. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. இனி தடுக்க யாரும் இல்லை என்பது.

*

அம்மா செவலையின் நெற்றியில் திருநீறு வைக்கிறாள். பைரவா என்கிறாள். பிறகு காதோரம் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறாள்.

ஒரே கை. இரண்டு வேலை.

*

தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

சில்லில் இரத்தம் பார்த்தார்களா. பபேசியாவுக்கு பிசிஆர் செய்யலாமா. இந்தப் பிளேட்லெட்டோடு கட்டியை ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது ஆபத்தா. அறுக்காவிட்டால் வலிக்குமா. வலித்தால் அவள் எப்படிக் காட்டுவாள்.

கடைசி இரண்டின் கீழே கோடு போடுகிறேன். அவற்றை எந்த டாக்டரிடமும் கேட்கலாம்.

பேனாவைக் கீழே வைத்ததும் கை இலேசாக நடுங்குவது தெரிகிறது.

*

பகல். வெயில் திண்ணையில் பாதிவரை வந்திருக்கிறது.

அவள் எழுந்து, நிழலுக்கு நகர்ந்து, மறுபடி படுக்கிறாள். எழும்போது பின்கால் ஒருகணம் தடுமாறுகிறது.

தடுமாறியதா. அல்லது நான் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேனா.

*

செர்டாங் எண்ணை அழைக்கிறேன். மணி போகிறது. ஒரு பெண் குரல். வயது கேட்கிறாள். என்ன இனம் என்று கேட்கிறாள்.

கம்பத்து நாய் என்கிறேன்.

எடை.

17 கிலோ. முன்பு 20.

எழுதிக்கொள்ளும் சத்தம். செவ்வாய்க்கிழமை காலை இடம் இருக்கிறது என்கிறாள். கடிதத்தைக் கையோடு கொண்டுவர வேண்டும். காலையில் சாப்பாடு கொடுக்காமல் கூட்டிவர வேண்டும். இன்று மாலை ஐந்து மணிக்குள் உறுதி சொன்னால் போதும்.

சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திரும்பக் கூப்பிடுகிறேன் என்கிறேன்.

மணி மூன்றே கால். அம்மா உள்ளே இருந்து கேட்கிறாள், போனால் பின்சீட்டில் யார் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொள்வது என்று.